வேப்பேரியில் ஓர் எபிரேய மாணவர்

தொண்டைமான் சீமைக்கு வந்த எழுத்துகள் – 9

போன இதழில் ஆவூர்ப் பங்கில் நின்றோம். அந்தக் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிகளின் தமிழைக் கிழித்துத் தோரணம் கட்டிய விஷயத்தைத் தொட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். அதிலிருந்து தொடர்வோம்.

1728-ல் அவர் எழுதிய ‘வேதவிளக்கம்’ சமயச் சண்டைக்காக எழுந்த நூல். கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஐரோப்பாவில் இருந்த பகையெல்லாம் அதில் தமிழ் உடுத்திக்கொண்டு வருகிறது. ஆனால் சமயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மொழியை மட்டும் பார்த்தால், முனிவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியவர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பழகியவர். 1708-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-ல் கையெழுத்துப் பிரதியை முடித்துவிட்டார். ஐந்தே வருஷத் தமிழ்! அது 1714, 1715-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரைக்கும் வந்திருந்தபோது, 1719-ல், 36 வயதில் அவர் காலமானார். மிச்சத்தை பெஞ்சமின் சூல்ட்சே முடித்து 1728-ல் அச்சேற்றினார். இந்திய மொழிகளில் முழு வேதாகமம் முதலில் கிடைத்தது தமிழுக்குத்தான். ஆனால் தமிழ் படித்த ஒருவர் அதைக் கையில் எடுத்தால் நாலு வரிக்கு ஒரு முறை முகம் சுளிக்க வேண்டியிருந்தது. ‘தேம்பாவணி’ பாடியவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

லுத்தரன் பக்கத்திலிருந்து இதற்குச் சரியான பதில் வர ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. பதில் சொன்னவர் வாதநூல் எதுவும் எழுதவில்லை. முனிவர் சிரித்த ஆண்டில் அவர் ஜெர்மனியில் 17 வயதுப் பையன்.

யோகான் பிலிப் பெப்ரிஷியஸ் 1711 ஜனவரி 22-ல் பிறந்தவர். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை எழுதி முடித்த அதே ஆண்டு. ஊர், ஹெஸ்ஸெ நாட்டில் கிளேபெர்க் என்னும் சிற்றூர். முதலில் கீஸன் நகரத்தில் சட்டம் படித்தார். பிறகு மனம் மாறி ஹாலே பல்கலைக்கழகத்துக்கு இறையியல் படிக்கப் போனார்.

ஹாலேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் அச்சு வரலாறும் அகராதி வரலாறும் அந்த ஊரைத் தொடாமல் நகராது. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கே நடத்திய அநாதைப் பிள்ளைகளின் இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்துக்கூடம் எல்லாம் சேர்ந்து ஒரு தனிப் பேட்டையாகவே வளர்ந்திருந்தன. தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியதும், அங்கிருந்து வந்த கடிதங்களை அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் பரப்பியதும் அந்த இடம்தான். பிராங்கே பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் கீழைமொழிகளும் கற்பித்தவர். வேதத்தை லுத்தரின் ஜெர்மன் வழியாக மட்டும் படித்தால் போதாது, எழுதப்பட்ட மொழியிலேயே படிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1702-ல் கீழைமொழிகளுக்கென்றே அங்கே ஒரு கல்விக்கழகம் தொடங்கினார்கள். அதன் பெரிய அறுவடை, 1720-ல் யோகான் ஹைன்ரிக் மிக்கேலிஸ் வெளியிட்ட எபிரேய வேதாகமம். எர்ஃபுர்ட் நகரத்துக் கைப்பிரதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு உருவாக்கிய பதிப்பு அது. பாடபேதம் பார்த்துப் பதிப்பிப்பது என்றால் என்ன என்பது நமக்கு உ.வே.சா. வழியாகத் தெரியும். அந்த வேலையை எபிரேயத்துக்குச் செய்துகொண்டிருந்த ஊரில்தான் பெப்ரிஷியஸ் படித்தார்.

எபிரேயம் படித்தவர்களிடம் ஹாலே என்று சொன்னால் இன்று அவர்கள் முதலில் நினைப்பது வில்ஹெல்ம் கெசேனியுஸை. அவருடைய இலக்கணம் 1813-ல் வந்தது. திருத்தித் திருத்தி இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய அகராதி இல்லாமல் பழைய ஏற்பாட்டு ஆராய்ச்சி நடக்காது. அந்தக் கெசேனியுஸுக்கு, பெப்ரிஷியஸ் வேப்பேரியில் கண்மூடியபோது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. நவீன எபிரேயப் புலமை உருவாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அதே ஊரிலிருந்து கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர் நம் ஆள்.

1740-ல் வந்து சேர்ந்தார். தரங்கம்பாடியில் தமிழ் படித்து, 1742 கடைசியில் சென்னைக்கு மாற்றப்பட்டார். அங்கே இருந்த சூல்ட்சே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சென்னை மிஷனுக்குப் பணம் கொடுத்தது லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்னும் ஆங்கிலேயச் சங்கம். ஆள் ஜெர்மானியர், சம்பளம் ஆங்கிலேயருடையது, தாய்நிலையம் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. இந்த மூன்று கொடிகளின் கீழ் அவர் 48 வருஷம் இருந்தார். ஒரு தடவைகூட ஜெர்மனி திரும்பவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சூல்ட்சேயின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்துத் திருத்தலாம் என்றுதான் தொடங்கினார். திருத்தத் திருத்தப் புதிதாகவே செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த வேலைக்கு நடுவில்தான் கர்நாடகப் போர்கள் வந்தன.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை ஒட்டிய கருப்பர் பட்டணத்தை இடித்தபோது மிஷன் வீடும் கோயிலும் போயின. பெப்ரிஷியஸ் டச்சுக்காரர்களிடமிருந்த பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார். 1749-ல் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு இவரும் திரும்பினார். இடித்த கோயிலுக்கு ஈடாகக் கிடைத்தது வேப்பேரியில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும், பரங்கிமலைப் படிக்கட்டுகளுக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆலயத்தைப் பறித்து 1752-ல் லுத்தரன்களிடம் கொடுத்தது. கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அது நீதியாகத் தெரிந்திருக்கலாம். ஆலயத்துக்காகப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு 1751-ல் இறந்துபோன உஸ்கானைக் கேட்க வழியில்லை. இன்று அந்த இடத்தில் நிற்பது புனித மத்தியாஸ் ஆலயம்.

இதே 1750-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை என்ன செய்துகொண்டிருந்தது? திருச்சிக் கோட்டைக்குள் முகம்மது அலி அடைபட்டுக் கிடந்தார். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். விஜய ரகுநாத ராய தொண்டைமான் தம் நாட்டிலிருந்து தானியமும் ஆடுமாடும் அனுப்பி ஆங்கிலேயப் படையின் வயிற்றைக் காப்பாற்றினார். அந்தக் கோபத்தில் 1754-ல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் சீமைக்குள் புகுந்து சூறையாடியது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று காப்பாற்றப்பட்ட முகம்மது அலிதான் பிறகு ஆற்காட்டு நவாபு வாலாஜா. அந்த நவாபின் பெயரைச் சுற்றிக் கிளம்பிய கடன் வியாபாரம்தான் சென்னையையே ஆட்டிவைத்தது. அதில் பெப்ரிஷியஸும் சிக்குகிறார். அது பின்னால்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரி கோட்டைக்கு வெளியே திறந்து கிடந்தது. மிஷன் கொள்ளை போனது. மறுபடியும் பழவேற்காடு, மறுபடியும் திரும்பல். இப்படி இரண்டு முறை வீடு வாசலை விட்டு ஓடியவர், ஓடிய இடத்திலும் விடாமல் செய்தது மொழிபெயர்ப்பு. சங்கீதங்களின் தமிழாக்கம் 1755-ல் வெளிவந்தது. ஒரு முற்றுகைக்கும் இன்னொரு முற்றுகைக்கும் நடுவில்.

அவர் வேலை செய்த முறைதான் இந்த அத்தியாயத்தின் மையம். பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும்போது எபிரேய மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டார். தமிழில் எழுதியதைத் தமிழர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் படித்தவர்களும் உண்டு, எழுத்தே தெரியாதவர்களும் உண்டு. எங்கே புரியவில்லை, எங்கே தமிழ் நொண்டுகிறது, எங்கே வேறு அர்த்தம் தொனிக்கிறது என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். மாற்றியதை மறுபடி எபிரேயத்தோடு ஒப்பிட்டார். மூலம் பிசகியிருந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஒவ்வொரு வசனத்தையும் முழங்காலில் நின்று மொழிபெயர்த்தார் என்று சபைகளில் ஒரு பேச்சு உண்டு. பக்திக்காகச் சொல்வது. எனக்கு முழங்காலைவிட அந்தக் காதுதான் பெரிதாகப் படுகிறது. ஹாலேயில் படித்து வந்தவர்கள் எல்லோருக்கும் எபிரேயம் தெரியும். சூல்ட்சேயும் அறிவாளிதான், தமிழோடு தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் எழுதியவர். ஆனால் தான் எழுதிய வாக்கியத்தை ஒரு சாதாரண ஆள் முன்னால் வைத்து, சரியா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அடித்துவிட்டு எழுதும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெப்ரிஷியஸ் அதை இருபது, முப்பது வருஷம் செய்தார்.

எபிரேயத்திலிருந்து தமிழுக்கு வருவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். எபிரேயக் கதைநடையில் பெரும்பாலும் வினை முன்னால் வரும். செய்தவன் பிறகு, செய்தது அதன் பிறகு. சின்னச் சின்ன வாக்கியங்களை ஒற்றை எழுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். எழுந்தான், போனான், கண்டான், சொன்னான் என்று கதை ஓடும். தமிழில் வினை கடைசியில் வரும். எழுந்து போய்க் கண்டு சொன்னான் என்று எச்சங்களைக் கோத்துக் கடைசியில் ஒரு முற்றில் இறக்கிவைப்பது நம் பழக்கம். தமிழ்ப் பழக்கத்துக்கே விட்டுவிட்டால் எபிரேயத்தின் தடதடக்கும் வேகம் போய்விடும். எபிரேயத்தையே பிடித்துக்கொண்டால் தமிழன் வாயில் அது நிற்காது. பெப்ரிஷியஸ் பெரும்பாலும் மூலத்தின் பக்கமே சாய்ந்தார். அதனால் அவர் தமிழில் விறைப்பு உண்டு. அடுத்த நூற்றாண்டில் வந்த ரேனியஸ், இது சொல்லுக்குச் சொல் ஒட்டிப் போகிறது, தமிழாக ஓடவில்லை என்று குறை சொல்லித் தாமே வேறொரு மொழிபெயர்ப்பு செய்தார். குறை தவறல்ல. ஆனால் சங்கீதங்களிலும் தீர்க்கதரிசிகளின் பாட்டுகளிலும் கதை வேறு. ஒரே எண்ணத்தை அடுத்தடுத்த இரண்டு வரிகளில் வேறு வேறு சொற்களால் திருப்பிச் சொல்வதுதான் எபிரேயக் கவிதையின் உயிர்நிலை. ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இரட்டை வரி புதிதல்ல. அந்தப் பகுதிகளில் பெப்ரிஷியஸின் விறைப்பே கம்பீரமாக மாறிவிடுகிறது. வாய்விட்டு வாசித்தால்தான் இது தெரியும். வாய்விட்டு வாசித்துத் திருத்தியதாயிற்றே.

அச்சுக்கு வழி பிறந்ததும் போரால்தான். 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தார். அங்கே கொள்ளைப் பொருளாகக் கிடைத்தவற்றில் ஓர் அச்சு எந்திரமும் இருந்தது. சென்னைக்குக் கொண்டுவந்த பிறகு, அதை ஓட்டத் தெரிந்த ஆள் கோட்டைக்குள் இல்லை. பெப்ரிஷியஸிடம் கொடுத்தார்கள். கம்பெனிக்கு வேண்டியதை முதலில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள் என்பது நிபந்தனை. இப்படிப் பிரெஞ்சுக்காரர்களின் எந்திரம் வேப்பேரியில் கம்பெனி உத்தரவுகளையும் தமிழ் ஜெபங்களையும் மாறி மாறி அச்சடித்தது. சென்னை மறைமாவட்ட அச்சகம் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அச்சகம் தன் பிறந்த ஆண்டாக 1761-ஐச் சொல்லிக்கொண்டது இதனால்தான்.

அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அதே ராகத்தில் பாடும்படி தமிழாக்கி 1774-ல் தொகுத்தார். தமிழ்ச் சொற்களை ஜெர்மன் மெட்டுக்குள் நுழைப்பதில் அசைகள் நசுங்குவது உண்மை. பாட்டு விஷயத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வந்துதான் கிறிஸ்தவத் தமிழுக்குச் சொந்தக் குரல் கிடைத்தது. பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சாகத் தொடங்கியது 1777-ல். கடைசிப் பகுதி 1796-ல்தான் வெளிவந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

1779-ல் வேப்பேரியில் அச்சான இன்னொரு புத்தகம், கோயில் வாசலைத் தாண்டாத வாசகருக்கும் முக்கியமானது. பெப்ரிஷியஸும் உடன் ஊழியர் பிரைட்ஹாப்டும் சேர்ந்து செய்த தமிழ்–ஆங்கில அகராதி. தலைப்பில் தமிழ் என்று இருக்காது, மலபார் மொழி என்று இருக்கும். ஐரோப்பியர்கள் அப்போது நம்மை அப்படித்தான் அழைத்தார்கள். இதன் மறுபாதியான ஆங்கிலம்–தமிழ் அகராதி 1786-ல் வந்தது. வீரமாமுனிவரின் ‘சதுரகராதி’ புலவர்களுக்கானது. நிகண்டு முறையை உடைத்து அகரவரிசைக்குக் கொண்டுவந்த பெரிய சாதனை அது. பெப்ரிஷியஸ் அகராதியின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்து, அந்தச் சொல் பேச்சில் எதனெதனோடு கூடி வருகிறது என்பதையும் அதன் கீழே கொடுக்கிறார். ‘கை’ என்றோ ‘வாய்’ என்றோ பிரித்துப் பார்த்தால், பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பது காதில் விழும். மொழிபெயர்ப்புக்காக வாசித்துக் காட்டிய அந்த நீண்ட வருஷங்களில் திரும்பி வந்த பேச்சுத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்த ரோட்லர் இதன்மேல் கட்டினார். தரங்கம்பாடியில் இதைத் திருத்தித் திருத்தி 1972 வரை பதிப்பித்துக்கொண்டிருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றி வைத்திருப்பதால் இன்று யாரும் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

இனி அந்தக் கடன் கதை.

வாலாஜா நவாபு சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னையிலேயே தங்கிவிட்ட காலம். போர்ச்செலவுக்குக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குக் கம்பெனி ஊழியர்களிடமே தனியாகக் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். பழைய கடன்களை 1767-ல் ஒன்றாகச் சேர்த்து நூற்றுக்குப் பத்து வட்டி என்றார்கள். 1777-ல் சேர்த்த கடனுக்குப் பன்னிரண்டு. கோட்டையில் பேனா பிடித்தவன், பட்டாளத்துக்காரன், வியாபாரி எல்லோரும் சேமிப்பை இந்த வட்டத்தில் இறக்கினார்கள். இந்த ஊழல் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இதைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றினார். வட்டி கொடுக்கக் குடியானவனைப் பிழிந்தார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். திருச்சி முற்றுகையில் தொண்டைமான் நாட்டு நெல்லைத் தின்று பிழைத்த ஆட்சி, முப்பது வருஷத்தில் வந்து நின்ற இடம் இது.

பெப்ரிஷியஸ் நேர்மையானவர் என்று ஊருக்கே தெரியும். அதனால் ஜனங்கள் பணத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். மிஷன் பணம், தருமப் பணம், அவரை நம்பியவர்களின் சேமிப்பு எல்லாம் அவர் கையில் சேர்ந்தன. எல்லோரும் செய்வதுபோல அவரும் வட்டிக்கு விட்டார். கேட்டவர்களை நம்பினார். கொடுத்தது திரும்பவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கணக்கு அவர் கையை மீறியது. கடைசியில் கடன்காரர்கள் நீதிமன்றம் போக, அறுபது வயது தாண்டிய பாதிரியார் கடனுக்காகச் சிறை போனார். அவர் ஒரு காசும் தனக்கென்று எடுக்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. உடுப்பிலும் உணவிலும் அவ்வளவு எளிமை. ஆனால் பணம் போனவர்களில் ஏழைகளும் உண்டு. அவரைப் பற்றி எழுதிய சமயநூல்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. தாண்டக் கூடாது என்பது என் கருத்து. ஒரு வசனத்துக்கு ஐந்து பேரிடம் கேட்டவர், கடன் கொடுக்கும் முன் ஒருவரிடமாவது உருப்படியாக விசாரித்தாரா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

1788-ல் கெரிக்கே வேப்பேரிக்கு வந்து மிஷன் பொறுப்பை ஏற்றார். மூன்று வருஷம் கழித்து, 1791 ஜனவரி 23-ல், எண்பது வயது நிரம்பிய மறுநாள், பெப்ரிஷியஸ் காலமானார்.

அவருக்குப் பிறகு அவர் தமிழுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் வரலாற்று மாணவனுக்குச் சுவையான பகுதி. அடுத்த எண்பது வருஷத்தில் அவரை விலக்கிவிட்டு வேறு தமிழைக் கொண்டுவர இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. ஒன்று, மேலே சொன்ன ரேனியஸுடையது. சரளமான தமிழ், ஆனால் மூலத்தைவிட்டுத் தாராளமாக விலகுகிறது என்றார்கள். இன்னொன்று யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் நடந்து 1850-ல் வெளிவந்தது. அதில் பெர்சிவலுக்குத் துணையாக உட்கார்ந்தவர் ஆறுமுக நாவலர்! சைவத்தின் காவலர் கிறிஸ்தவ வேதாகமத்தின் தமிழைச் செப்பம் செய்து கொடுத்த அந்த விசித்திரத்துக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். நாவலரின் கைபட்ட தமிழை யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் சென்னைக்காரர்கள் ஏற்கவில்லை. சபைகளின் காதில் நூறு வருஷமாகப் பதிந்திருந்தது வேறொரு ஓசை. கடைசியில் ஹென்றி போவர் தலைமையில் குழு அமைத்து, பெப்ரிஷியஸையே அடிப்படையாக வைத்துக்கொண்டு திருத்தினார்கள். 1871-ல் முழுமையாக வந்த அந்தப் பதிப்புத்தான் இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கும் கறுப்பு அட்டைப் புத்தகம். அதைத் தினமும் படிக்கிறவர்களில் பெப்ரிஷியஸ் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருப்பதால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காவது பெயர் தெரியும். தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் வீரமாமுனிவரிலிருந்து நேரே நாவலருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு நூற்றாண்டு முழுக்க, வாரந்தோறும், எழுத்தறியாதவர்களும் காதால் கேட்ட தமிழ் உரைநடை யாருடையது என்று அவர்கள் கேட்பதில்லை.

போவர் பதிப்பை ஏற்காமல் பெப்ரிஷியஸையே கடைசிவரை பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் லைப்சிக் மிஷன்காரர்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபோது, பழைய லுத்தரன் மிஷனின் மிச்சம் மீதியை ஏற்றது ஜெர்மனியில் பிற்பாடு லைப்சிக் நகரத்தை மையமாகக் கொண்ட சங்கம். திருக்குறளை 1856-ல் ஜெர்மனில் வெளியிட்ட கார்ல் கிரால்தான் அப்போது அதன் இயக்குநர். தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் என்று நிலையங்கள் வைத்த அவர்கள் புதுக்கோட்டைக்கும் வந்தார்கள். ஆங்கிலேயச் சங்கங்களெல்லாம் புதிய பதிப்புக்கு மாறிய பிறகும் இவர்கள் கோயில்களில் பெப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பே வாசிக்கப்பட்டது. மற்றவர்கள் ‘தேவன்’ என்று சொன்ன இடத்தில் இவர்கள் ‘பராபரன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தனித்திருச்சபை ஆனபோதும் இந்தச் சொத்து அவர்கள் கையில் இருந்தது.

ஆனால் லைப்சிக்காரர்கள் பக்கம் ஜனங்கள் சேர்ந்ததற்கு வேதாகமத் தமிழ் மட்டும் காரணமில்லை. ஆங்கிலேயச் சங்கங்கள் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கெடுபிடி காட்டத் தொடங்கியபோது, அதைப் பொறுக்காத பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, வேளாளர்கள் முக்கியமாக, சென்னையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் அங்கிருந்து வெளியேறி லுத்தரன்களிடம் போயின. சாதி சமூக வழக்கம், அதைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியதில்லை, மெல்லத் தானே கரையும் என்பது கிராலின் நிலை. மற்ற மிஷன்களுக்கும் லைப்சிக் மிஷனுக்கும் இதனால் பத்திரிகைகளில் பெரிய சண்டையே மூண்டது. புதுக்கோட்டை மன்னர் சீமைக்குள் அவர்கள் காலெடுத்து வைத்தது இந்தச் சண்டை சூடாக இருந்த தலைமுறையில்தான். அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.